முத்துக் கரையின் மாதா கோயில்கள்

தூத்துக்குடி என்றவுடன் நேயர்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? சிலருக்கு உப்பு, சிலருக்கு முத்து, சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பலை நினைத்துப் பெருமூச்சு விடுகிறவர்களும் உண்டு. வீட்டுக் குழந்தைகளைக் கேட்டாலோ, சற்றும் தயங்காமல் 'மக்ரூன்' என்று சொல்லிவிடுவார்கள். அதையும் நாம் மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த நகரத்திலும், அதற்குத் தெற்கே திருச்செந்தூரைத் தாண்டி மணப்பாடு வரையிலும், கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பழைய மாதா கோயில்களை நினைப்பவர் வெகு சிலரே. கிறிஸ்தவ அன்பர்கள் அவற்றை வழிபடும் இடமாக அறிவார்கள். மற்றவர்கள் பஸ்ஸிலோ ரயிலிலோ போகும்போது, பனைமரங்களுக்கு மேலே ஒரு கோபுரத்தைக் கண்டு, "அதோ ஒரு சர்ச்சு!" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

நாமும் நெடுநாள் அப்படித்தான் இருந்தோம். இந்த முறை வண்டியை விட்டு இறங்கிச் சில கோயில்களை நின்று பார்த்தோம். பார்த்ததில் மகிழ்ச்சியும் உண்டாயிற்று, கவலையும் உண்டாயிற்று. இரண்டையும் நேயர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பனி காணாத ஊரில் பனிமய மாதா

தூத்துக்குடியில் எந்தக் காலத்திலும் பனிக்கட்டி பெய்ததில்லை. ஆயினும் அந்த நகரத்தின் மாதாவுக்குப் பனிமய மாதா என்று பெயர். இதற்குக் காரணம் ரோமாபுரியில் இருக்கிறது. அங்கே ஆகஸ்டு மாதத்துக் கோடையில் ஒரு குன்றின் மேல் பனி பெய்து, மாதாவுக்குக் கோயில் கட்ட வேண்டிய இடத்தைக் காட்டிற்று என்று ஒரு பழங்கதை உண்டு. அந்த நினைவாகவே ஆகஸ்டு 5-ந் தேதி திருநாள். ரோமாபுரிப் பனியைத் தூத்துக்குடி வெயிலில் கொண்டாடுகிறார்கள்! ஜூலை 26-ந் தேதி கொடி ஏறுகிறது. ஆகஸ்டு 5 வரையில் நகரமே திருவிழாக் கோலம் பூண்டுவிடுகிறது.

கோயிலின் வரலாறு நீண்டது. மாதாவின் திருவுருவம் 1555-ம் வருஷம் பிலிப்பைன் தீவுகளிலுள்ள மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்பர். சேசு சபையார் 1582-ல் ஒரு கோயில் கட்டினார்கள். 1658-ல் டச்சுக்காரர் போர்ச்சுகீசியரை விரட்டிவிட்டுத் துறைமுகத்தைப் பிடித்தார்கள். வந்தவர்கள் வேறு சபையைச் சேர்ந்தவர்கள். பழைய சபையின் கோயில்கள் பறிபோயின. மாதாவின் உருவத்தைப் பரதவ மக்கள் அக்கம்பக்கத்து ஊர்களுக்கு எடுத்துச் சென்று பாதுகாத்தார்கள். இப்போதிருக்கும் கோயில் விஜிலியுஸ் மான்சி என்னும் பாதிரியார் காலத்தில் 1713-ம் வருஷம் ஆகஸ்டு 5-ந் தேதி அர்ச்சிக்கப்பட்டது. அப்போதும் ஊரை ஆண்டவர்கள் டச்சுக்காரர்களே என்பதைக் கவனிக்க வேண்டும். அரசாங்கத்துக்கு ஒரு மதம், குடிகளுக்கு ஒரு மதம் என்றிருந்த நாளில் ஜனங்களின் உறுதியால் எழுந்த கோயில் அது. 1982-ல் போப்பாண்டவர் அதைப் பசிலிக்கா என்ற உயர்ந்த நிலைக்கு உயர்த்தினார்.

கட்டிடத்தைப் பாருங்கள். முகப்பு, ஐபீரியத் தேசங்களின் முறையில் அமைந்தது. பின்னாலுள்ள கூரையை மறைத்துக்கொண்டு உயர்ந்து நிற்கும் முகப்புச் சுவர். அதன் விளிம்பில் வளைவுகள். கடலில் வருகிறவன் கண்ணில் முதலில் பட வேண்டும் என்பதற்காகவே இத்தகைய முகப்புகளைக் கட்டினார்களோ என்று தோன்றும். ஆனால் திருவிழாவின்போது வாசலில் நடப்பது ஐரோப்பிய முறை அன்று. முற்றிலும் நம்முடைய முறை. கொடிமரம், கொடியேற்றம், சப்பரம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தேர்! 1806-ல் முதன்முதலாக ஓடிய தங்கத் தேர் ஆண்டுதோறும் ஓடுவதில்லை. விசேஷமான ஆண்டுகளில்தான் ஓடும். கோயிலின் முந்நூறாவது ஆண்டான 2013-லும், பின்னர் 2023-லும் ஓடிற்று. வடம் பிடிப்பதற்குச் சபை வேற்றுமையும் மத வேற்றுமையும் பாராமல் ஜனங்கள் திரண்டார்கள்.

மணப்பாட்டுக் குன்று

தூத்துக்குடியிலிருந்து தெற்கே சென்றால் திருச்செந்தூரில் முருகன் கோயிலின் கோபுரம் அலையோரத்தில் நிற்கிறது. அதையும் கடந்து உடன்குடிப் பக்கத்துப் பனங்காட்டின் வழியாகச் சென்றால் மணப்பாடு வந்து சேரும். கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஒரு குன்று. அதன் உச்சியில் திருச்சிலுவைக் கோயில். கீழே அலை மோதும் பாறை. அதில் ஒரு குகை.

1540-ம் வருஷம் புயலில் சிக்கித் தப்பிப் பிழைத்த ஒரு போர்ச்சுகீசியக் கப்பலின் பாய்மரத்தைக் கொண்டு இந்தக் குன்றின் மேல் சிலுவை நாட்டினார்கள் என்றும், 1581-ல் அங்கே கோயில் எழுந்தது என்றும் ஊரார் சொல்லுகிறார்கள். 1542-ல் இக்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் அந்தக் குகையில் தங்கித் தவம் செய்தார். அவருக்கு முன்னால் அது ஒரு சைவத் துறவியின் இருப்பிடமாக இருந்ததாம். இந்தச் செய்தியை மணப்பாட்டுக் கிறிஸ்தவர்கள் மறைப்பதில்லை. வருகிறவர்களுக்கு அவர்களே எடுத்துச் சொல்லுகிறார்கள். குகைக்குள் ஒரு சிறு கிணறு இருக்கிறது. பத்தடி தூரத்தில் உப்புக் கடல். உள்ளே குடிக்கத்தக்க நீர். ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, இந்த நீர் அந்தத் துறவிக்கும் சவேரியாருக்கும் ஒரே மாதிரியாகத்தானே இனித்திருக்கும் என்று நாம் எண்ணிக்கொண்டோம்.

கட்டியவர்கள் யார்?

"இவை பரங்கியர் கட்டியவை, நமக்கும் இவற்றுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கும் தேசபக்தர்கள் சிலர் உண்டு. அவர்களுக்கு நாம் பணிவுடன் ஒன்று சொல்ல விரும்புகிறோம். முகப்பின் சித்திரத்தைப் பாதிரியார் கொண்டுவந்திருக்கலாம். கல் சுமந்தவர்களும், சாந்து அரைத்தவர்களும், வளைவு கட்டியவர்களும் நம்மவர்களே. செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? மூச்சை அடக்கிக் கடலுக்கடியில் சிப்பி பொறுக்கிய முத்துக் குளிகாரர்களின் உழைப்பிலிருந்து வந்தது.

இதற்குச் சாட்சி கோயில்கள் மட்டும் அல்ல. 1578-ல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் புத்தகம் அச்சாயிற்று. 1586-ல் இதே கரையிலுள்ள புன்னைக்காயலில் அடியார்களின் வரலாறு கூறும் பெரிய புத்தகம் ஒன்று வெளிவந்தது. இரண்டையும் எழுதியவர் அண்டிரிக்கி அடிகளார் என்று தமிழர்கள் அழைத்த ஹென்ரிக் பாதிரியார். அச்சுக்கான செலவுக்குப் பொருள் உதவியவர்கள் பரதவ மக்கள். இந்திய மொழிகளுக்குள் முதன்முதலில் அச்சேறியது தமிழ் என்று நாம் பெருமை பேசுகிறோமே, அந்தப் பெருமை முத்துக் கரையின் பணத்தில் பிறந்தது. 1600-ல் அடிகளார் புன்னைக்காயலில் காலமானார். அவர் உடலைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து மாதா கோயிலில் அடக்கம் செய்தார்கள்.

டச்சுக்காரரும் 1750-ல் தூத்துக்குடியில் தங்களுக்கென்று ஒரு கோயில் கட்டிக்கொண்டார்கள். அவர்களுடைய வியாபாரக் கம்பெனி தன் நாணயங்களில் பொறித்த முத்திரை வி. ஓ. சி. என்ற மூன்று எழுத்து. 1825-ல் ஊரை ஆங்கிலேயரிடம் கொடுத்துவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். பின்னால் 1906-ல் அதே துறைமுகத்தில், அதே மூன்று எழுத்தைத் தம் பெயரிலேயே உடைய ஒரு தமிழர் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார்! சரித்திரத்துக்கும் விளையாட்டுப் புத்தி உண்டு போலும். 1923-ல் தூத்துக்குடிக்குத் தனி மறைமாவட்டம் ஏற்பட்டபோது, அதன் முதல் ஆயராக வந்தவர் ரோச் ஆண்டகை என்னும் இந்தியரே என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

கடற்கரையை விட்டுச் சற்று உள்ளே போனால் செம்மணல் தேரி. அங்கே மெய்ஞ்ஞானபுரத்தில், ஜான் தாமஸ் ஐயர் சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் கட்டிய பவுல் ஆலயம் இருக்கிறது. அதன் ஊசிக் கோபுரம் சுமார் 192 அடி உயரம். இங்கிலாந்துப் புல்வெளியில் நிற்க வேண்டிய கோபுரம் பனங்காட்டின் நடுவே நிற்கிறது. முதலில் விசித்திரமாகத்தான் இருக்கிறது. சற்று நேரம் பார்த்தபின், பனைமரமும் கோபுரமும் ஒன்றோடொன்று போட்டியிட்டு வானத்தை எட்டுவதாகத் தோன்றி, மனத்துக்கு இசைந்துவிடுகிறது.

உப்பும் சிமெண்டும்

இனிக் கவலையைச் சொல்ல வேண்டும்.

இக்கரையின் பழைய கட்டிடங்களைக் கட்டியது சுண்ணாம்பினால். சிப்பியையும் கடலிலிருந்து எடுத்த பவளப் பாறைக் கல்லையும் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பார்கள். மணல் சேர்த்துச் செக்கில் அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர் விட்டு, நாட்கணக்கில் புளிக்க வைத்துப் பூசுவார்கள். கருப்பட்டிக்கு இந்தச் சீமையில் குறைவு ஏது? அப்படிப் பூசிய சுவர் மூச்சு விடும். தரையிலிருந்து ஏறிய ஈரம் காரையின் வழியாக வெளியேறிக் காற்றில் உலர்ந்துவிடும்.

உப்பினால் பிழைக்கும் ஊரில் சுவருக்கும் உப்பே சத்துரு. ஈரத்தோடு ஏறும் உப்பு, ஈரம் உலர்ந்ததும் படிகமாகிப் பருக்கிறது. பருத்துக் காரையைப் பிளக்கிறது. சுண்ணாம்புக் காரையானால் அது பொரிந்து விழும். சில ஆண்டுகளுக்கொருமுறை புதிதாகப் பூசினால் போதும். காரை தன்னைக் கொடுத்துக் கல்லைக் காக்கிறது. இந்தச் சிறு தொல்லைக்கு அஞ்சிப் பல இடங்களில் சிமெண்டைப் பூசிவிட்டார்கள். சிமெண்டு பார்வைக்குக் கெட்டி. ஆனால் ஈரத்தை வெளியே விடாது. வழியடைபட்ட உப்பு உள்ளே திரும்பிச் செங்கல்லையும் கல்லையும் அரிக்கிறது. வெளியே பளபளவென்று வர்ணம்; உள்ளே மாவாக உதிரும் சுவர். "நன்றாகப் பழுது பார்த்துவிட்டோம்" என்று மகிழும் அதே வேளையில் கட்டிடத்துக்கு நோய் வைத்துவிடுகிறோம்.

ஒரு கடற்கரை ஊரில் வயது முதிர்ந்த கொத்தனார் ஒருவரைக் கண்டோம். அவர் சுவரில் கையை வைத்துத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, எங்க ஐயா காலத்துல சாந்து அரைக்கிற சத்தம் ஊரெல்லாம் கேக்கும். இப்ப அரைக்க ஆளும் இல்ல, அரைச்சாப் பூசத் தெரிஞ்சவனும் இல்ல. மூட்டையப் பிரிச்சாச் சிமெண்டு!"

பவளப் பாறையை மறுபடியும் வெட்டலாமா என்றால், கூடவே கூடாது. பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளில் இரண்டு, பாறையை அளவின்றி வெட்டியதனால் நீருக்குள் மூழ்கிவிட்டன. 1986-ல் அப்பகுதியைத் தேசியப் பூங்காவாக்கினார்கள். 2001-ல் பவளத்துக்கு வனவிலங்குச் சட்டத்தின் முழுப் பாதுகாப்பும் கிடைத்தது. கரையைக் காக்கும் மதில் அந்தப் பாறை. அதை இழந்தால் கோயிலும் மிஞ்சாது, ஊரும் மிஞ்சாது. நல்ல வேளையாக, நல்ல சுண்ணாம்பு நிலத்துச் சுண்ணாம்புக் கல்லிலிருந்தும் கிடைக்கும். குறைவது பொருள் அல்ல. தொழில் தெரிந்த கைதான்.

வானமும் இப்போது முன்போல இல்லை. 2023-ம் வருஷம் டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர், அதாவது 37 அங்குல மழை கொட்டிற்று. ஜில்லாவெங்கும் வெள்ளம். இத்தகைய மழை அடிக்கடி வருமானால், ஈரத்தை உள்ளே பூட்டிவைத்த சுவர்கள் எத்தனை நாள் தாங்கும்?

சுவரை எப்படிக் காப்பது என்பது நமக்கு மட்டும் உள்ள சங்கடமன்று. பழைய கோவாவில் சவேரியாரின் உடல் வைக்கப்பட்டிருக்கும் போம் ஜேசு கோயிலில், 1950-களில் வெளிப்பூச்சை அடியோடு உரித்துவிட்டார்கள். கல் தெரிந்தால் பழமையாகத் தோன்றும் என்று எண்ணினார்கள் போலும். மழையில் அந்தச் செம்பாறைக் கல் தேய்கிறதே என்ற கவலை பின்னால் எழுந்தது. உலகப் பாரம்பரியச் சின்னமாகிய அந்தக் கோயிலுக்கே இந்தக் கதியானால், கேட்பாரற்ற கிராமத்துக் கோயிலைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

"இடம் போதவில்லையே!"

சிமெண்டை விடப் பெரிய அபாயம் ஒன்று உண்டு. அது கடப்பாரை.

பல ஊர்களில் பழைய கோயிலை இடித்துவிட்டுப் புதிதாகக் கான்கிரீட்டில் பெரிய கோயில் கட்டும் ஆசை வளர்ந்திருக்கிறது. சென்னையில் மயிலைச் சாந்தோமிலேயே, போர்ச்சுகீசியர் கட்டிய பழைய கோயிலை இடித்துவிட்டு, 1896-ல் இப்போதுள்ள உயர்ந்த கோயிலைக் கட்டினார்கள். புதியதும் அழகானதே. பழையதை இனிப் படத்தில்தான் பார்க்க முடியும்.

ஆனால் இடிக்க விரும்புகிறவர்களை வைவதற்கு நமக்கு மனம் வரவில்லை. ஓர் ஊரில் மீன்பிடி வலையைப் பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசினோம். அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "பழசு அழகுதான் ஐயா, யாரு இல்லன்னா? திருநாளுக்குப் பாதி சனம் வெயில்ல நிக்கி. பிள்ளத்தாச்சிப் பொம்பளையும் வெளியதான் நிக்கா. நீங்க பாத்துட்டுப் போயிருவிய. நாங்கல்லா இங்கன பூச பாக்கணும்?"

இதற்கு உடனே பதில் சொல்ல நம்மால் முடியவில்லை. கோயில் பொருட்காட்சிச் சாலை அன்று. ஞானஸ்நானமும் கல்யாணமும் அடக்கமும் நடக்கும் வீடு. வீட்டில் குடியிருப்பவர்களுக்கு அதை மாற்ற உரிமை உண்டு.

மாற்றம் நன்மையாகவும் இருக்கக் கூடும். திருநெல்வேலி ஜில்லாவில் வடக்கன்குளம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1872-ல் கட்டிய கோயிலுக்கு, கால்சட்டையின் இரண்டு கால்களைப் போல இரண்டு தனிப் பகுதிகள். இரண்டும் பீடத்தினருகே வந்து சேரும். இரு ஜாதியார் ஒருவரையொருவர் பாராமல் ஒரே பூசையைக் காண்பதற்காகச் செய்த ஏற்பாடு! நடுவே நின்ற தடுப்பை 1910-ல் ஒரு பாதிரியார் இடித்தார். வழக்கு மன்றம் வரையில் போயிற்று. அந்தத் தடுப்பு இடிந்ததற்காக நாம் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடமாட்டோம். ஆனால் கட்டிடம் நிற்கிறது. நிற்பதனால்தான், நம் முன்னோர்கள் கடவுள் சந்நிதியிலும் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதை நம் பிள்ளைகளுக்குக் காட்ட முடிகிறது. தடுப்பை இடித்தது தர்மம். கோயிலையே இடித்திருந்தால் மறதி. இந்த வித்தியாசத்தை உணர்ந்துகொண்டால் போதும்.

செய்யத் தக்கது

அந்தப் பெரியவரிடம் அன்று சொல்ல இயலாத பதிலை இங்கே சொல்ல முயல்கிறோம்.

இடம் போதாவிட்டால் பழைய கோயிலின் பக்கத்தில் பந்தலோ மண்டபமோ போடலாம். நம் பெரிய சிவாலயங்கள் அப்படித்தான் வளர்ந்தன. கருவறையை இடித்துப் பெரிதாக்கவில்லை. மண்டபத்தின் மேல் மண்டபமாகச் சுற்றிலும் சேர்த்துக்கொண்டே போனார்கள். பெரிய திருநாளன்று மண்டபத்தில் பூசை. மற்ற நாளில் பழைய கோயிலில் செபம். இரண்டும் வாழும்.

எந்த வேலையைத் தொடங்குமுன்னும் கட்டிடத்தை அளந்து படம் வரைந்து வைக்க வேண்டும். நம் கல்லூரிகளில் கட்டிடக் கலை படிக்கும் மாணவர்கள் விடுமுறையில் இதைச் செய்யலாம். சுவரில் கை வைக்குமுன் சுண்ணாம்பு வேலை தெரிந்தவரைக் கேட்க வேண்டும். அந்தக் கொத்தனாரைப் போன்றவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் இளைஞர்களை வைத்துத் தொழிலைக் கற்றுக்கொள்ளச் செய்வது, கோயில் கட்டுவதற்குச் சமானமான புண்ணியம். பாரம்பரியக் கட்டிடங்களைக் காக்கவென்று நம் ராஜ்யத்தில் 2012-ல் ஒரு சட்டம் இயற்றினார்கள். சட்டம் காகிதத்தில் இருந்தால் போதாது. கிராமத்துப் பங்குக் குருவின் கதவைத் தட்டி, "உங்கள் சுவருக்கு என்ன வேண்டும்?" என்று கேட்க வேண்டும்.

முத்துக் குளிப்பு போய்விட்டது. 1955-லிருந்து 1961 வரை நடந்ததே தூத்துக்குடியில் கடைசி. அதன் பிறகு சர்க்கார் முரசறைந்து படகுகள் புறப்படும் காட்சியைப் பார்த்தவர் இல்லை. மார்க்கோ போலோ கண்டு வியந்த காயல் துறை மணலில் புதைந்துவிட்டது. அந்த முத்தெல்லாம் எந்த ராணியின் கழுத்தில் இருக்கின்றனவோ, யாருக்குத் தெரியும்? முத்தெடுத்தவர்களின் உழைப்பில் நம் கண்ணெதிரே நிற்பவை இந்தக் கோயில்களே.

மணப்பாட்டை விட்டு நாம் புறப்பட்டபோது மாலை நேரம். குன்றின் மேலிருந்து மணி ஒலித்தது. கரையில் படகை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு கணம் நின்று சிலுவை வரைந்துகொண்டு, மறுபடியும் படகை இழுத்தார்கள். கோயில் முகப்பில் ஓரிடத்தில் காரை பொரிந்திருந்ததைக் காலையிலேயே பார்த்திருந்தோம். அது சுண்ணாம்பா, சிமெண்டா என்று அருகில் போய்த் தட்டிப் பார்க்காமல் வந்துவிட்டோமே என்ற குறை வழியெல்லாம் நம் மனத்தில் இருந்தது. அடுத்த முறை அந்தப் பக்கம் செல்லும் நேயர்கள் யாராவது தட்டிப் பார்த்து நமக்கு எழுதினால் நன்றியுடையவர்களாவோம்.